மேப் டிசைன் படிக்க ஆசைப்படுற பர்மா தமிழ்ப் பசங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

யாங்கோன், தன்லின், பேகு, மோல்மேன்னு பல ஊர்ல இருந்தும் நம்ம பசங்க மேப் வேலை கத்துக்க ஆரம்பிச்சிருக்காங்க. சில பேருக்கு காலேஜ்ல ஜியாகிராபி, சில பேருக்கு என்ஜிஓ வேலை, சில பேருக்கு சும்மா ஆசை. ஆனா எல்லாரும் கேக்குறது ஏறக்குறைய ஒரே கேள்விங்கதான், அதான் அவங்க கேட்ட மாதிரியே எழுதி பதிலும் போட்டுட்டேன். வரிசையா படிச்சா நல்லது, மேல ஒரு தடவை சொன்னதை கீழ திரும்ப சொல்ல மாட்டேன்.

"மேப் டிசைன்னா ஜியாகிராபியா, ட்ராயிங்கா, கம்ப்யூட்டரா அண்ணே?"

மூணுலயும் கொஞ்சம் கொஞ்சம். ஜிஐஎஸ்னு சொல்றது டேட்டாவை சேர்த்து வச்சு கணக்கு போடற வேலை, எந்த கிராமம் ஆத்துல இருந்து எவ்வளவு தூரம், எந்த டவுன்ஷிப்ல எத்தனை பேரு அந்த மாதிரி. கார்ட்டோகிராபி அந்தக் கணக்கை இன்னொருத்தர் கண்ணுக்குப் புரியற மாதிரி காட்டற வேலை. சாஃப்ட்வேர் ரெண்டுக்கும் ஒண்ணுதான், அதனாலதான் இந்தக் குழப்பம்.

என்னைக் கேட்டா இதுல பாதி வேலை எதை விடறதுன்னு முடிவு பண்றதுதான். கோயில் திருவிழாவுக்கு பேகுல இருந்து வர்றவங்களுக்கு நீங்க யாங்கோன் மேப் போட்டா பஸ் நிக்கிற இடம், கோயில், நடக்கிற வழி, குடிதண்ணி, அவ்வளவு போதும். அதே ஏரியாவை சாக்கடை சரி பண்ற இன்ஜினியருக்குப் போட்டா கோயில் ஒரு சின்ன கட்டம், ஓடையும் ரோடு உயரமும்தான் பெருசு. ரெண்டையும் ஒரே மேப்ல போட்டீங்கன்னா ரெண்டு பேருக்கும் உதவாது. கையில டேட்டா இருக்குங்கிறதுக்காக எல்லாத்தையும் கொட்டுறதுதான் புதுசா வர்றவங்க மேப்ல நான் பாக்குற முதல் வியாதி.

"எனக்கு படம் வரைய வராது, கணக்கும் சுமார்தான், பரவாயில்லையா?"

பரவாயில்லை. கோடு போடறது கம்ப்யூட்டர். உங்களுக்கு வேண்டியது சதவீதம், விகிதம், கோணம், கொஞ்சம் எக்ஸ்-ஒய் கிராஃப், பத்தாங்கிளாஸ் கணக்கு போதும். பொறுமை மட்டும் நெறைய வேணும், ஏன்னா ஊர் பேர் ஒவ்வொண்ணா நகர்த்தி வைக்கிற வேலைதான் நேரத்தைத் தின்னும்.

"எந்த சாஃப்ட்வேர்? லேப்டாப் பழசு, கரண்ட் வேற வந்து வந்து போகுது"

க்யூஜிஐஎஸ் போடுங்க. காசு இல்லை, லைசென்ஸ் தொல்லை இல்லை, நெட் இல்லாமலே ஓடும். ஆர்க்ஜிஐஎஸ் நல்ல சாமான்தான், ஆனா ஆபீஸ்ல வாங்கிக் கொடுத்தா கத்துக்கலாம், சொந்தக் காசு போட வேண்டாம். க்யூஜிஐஎஸ்ல லாங் டெர்ம் ரிலீஸ்னு ஒரு வெர்ஷன் இருக்கும், புதுசு புதுசா மாறாது, அதை எடுங்க. 4 ஜிபி ராம் லேப்டாப்லயும் ஓடும், நாடு முழுக்க ஒரே நேரத்துல திறக்காம உங்க டவுன்ஷிப் மட்டும் வெட்டி வச்சுக்கிட்டா.

கரண்டுக்கு ரெண்டு விஷயம். டேட்டாவை ஜியோபேக்கேஜ் ஃபைல்ல வைங்க, ஷேப்ஃபைல்ல வேண்டாம். ஷேப்ஃபைல் பாக்க ஒண்ணு மாதிரி இருந்தாலும் அது நாலஞ்சு ஃபைல் சேர்ந்தது, முக்கியமான ஒண்ணு காணாமப் போனா மத்தது திறக்காது, அதுல டேபிள் காலம் (column) பேரும் 10 எழுத்துக்கு மேல வைக்க முடியாது, பர்மா எழுத்து தமிழ் எழுத்து போட்டா கெட்டுப்போறதும் அடிக்கடி நடக்கும். ரெண்டாவது, பின்னாடி தெரியற ஆன்லைன் மேப்பை நம்பாதீங்க, நெட் இருக்கும்போதே உங்க ஏரியாவோட ரோடு, ஆறு, சேட்டிலைட் படம் எல்லாத்தையும் இறக்கி வச்சுக்குங்க.

"பர்மாவுக்கு டேட்டா எங்க கிடைக்கும்? சர்வே ஆபீஸுக்குப் போகணுமா?"

படிக்கிறவங்களுக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். மிமுன்னு சொல்ற மியான்மர் இன்ஃபர்மேஷன் மேனேஜ்மென்ட் யூனிட், டவுன்ஷிப் எல்லை, ஊர் பாயின்ட், ரெடி மேப் எல்லாம் இலவசமா கொடுக்குது. ஒவ்வொரு இடத்துக்கும் பி-கோடுன்னு ஒரு நம்பர் வச்சிருக்காங்க, அதோட அருமை கடைசிக்கு முந்தின கேள்வியில தெரியும். ரோடும் கட்டடமும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ல (எல்லாரும் சேந்து வரையற இலவச மேப்) இருந்து எடுங்க, யாங்கோன்ல நல்லா இருக்கும், உள்கிராமத்துல ஓட்டை ஓட்டையா இருக்கும்.

மலை உயரத்துக்கு எஸ்ஆர்டிஎம். 2000 பிப்ரவரில ஒரு விண்கலம் 11 நாள் சுத்தி எடுத்த ரேடார் டேட்டா அது, 30 மீட்டருக்கு ஒரு உயரம் கிடைக்கும். சேட்டிலைட் படத்துக்கு சென்டினல்-2, ஒரு புள்ளி 10 மீட்டர், சில நாளைக்கு ஒரு தடவை வந்துடும், ஆனா மழைக்காலத்துல மேகம்தான் தெரியும், நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் உள்ள படமா பாத்து எடுங்க.

"1:50,000 பெரிய ஸ்கேலா, 1:2,50,000 பெரிய ஸ்கேலா? பரீட்சையில எப்பவும் மாத்தி எழுதிடறேன்"

1:50,000 தான் பெருசு. அதை பின்னமா பாருங்க, ஒண்ணை அம்பதாயிரத்தால வகுத்தா வர்றது பெருசா, ரெண்டரை லட்சத்தால வகுத்தா வர்றது பெருசா? பெரிய ஸ்கேல்ல சின்ன ஏரியாவை விவரமா காட்டலாம். 1:50,000ல ஒரு சென்டிமீட்டர் தரையில 500 மீட்டர். பழைய ஒரு-இன்ச் மேப்ல ஒரு இன்ச் ஒரு மைல், அதாவது 1:63,360.

நெறைய பேரு யோசிக்காத ஒண்ணு இதுல இருக்கு. 1:50,000 மேப்ல அரை மில்லிமீட்டர் கோடா ஒரு ரோடு போட்டா அது தரையில 25 மீட்டர் அகலம்னு அர்த்தம், நம்ம டவுன்ஷிப் ரோடு பெரும்பாலும் அவ்வளவு அகலம் கிடையாது. அப்ப ரோட்டை ஒட்டி இருக்கிற வீடும் கோயிலும் கோட்டுக்கு அடியில போயிடும். அதனால மேப் போடறவங்க கோயிலை கொஞ்சம் தள்ளி வைப்பாங்க, பத்து வீட்டை ஒரு கட்டமா ஆக்குவாங்க, சின்ன வளைவை நேராக்குவாங்க. இதுக்கு ஜெனரலைசேஷன்னு பேரு, இது பொய்யில்ல, இப்படிப் பண்ணலன்னாதான் மேப் படிக்க முடியாது.

மைலா கிலோமீட்டரான்னும் கேக்குறாங்க. ரெண்டும் போடுங்க. நம்ம ஊர்ல ரோட்டுல மைலும் ஃபர்லாங்கும்தான் பேச்சு, யாங்கோன்ல சூலே பகோடாவுல இருந்துதான் மைல் கணக்கே ஆரம்பிக்குது, ஆனா காலேஜ்ல கிலோமீட்டர் கேப்பாங்க. ஸ்கேல் பார்ல மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு வச்சா முடிஞ்சது.

"புரொஜெக்ஷன் லிஸ்ட்ல ஆயிரக்கணக்குல இருக்கு, எதை அமுக்கறது?"

புரொஜெக்ஷன்னா உருண்டையா இருக்கிற பூமியை தட்டையாக்குற முறை, எப்படித் தட்டையாக்கினாலும் ஏதாவது ஒண்ணு கெடும், பரப்போ, வடிவமோ, தூரமோ. எது கெட்டா உங்களுக்குப் பரவாயில்லைங்கிறதுதான் கேள்வி. ஒரு டவுன்ஷிப், ஒரு ஊர்னா யூடிஎம் போதும், அது பூமியை ஜோன்னு பட்டை பட்டையா பிரிச்சு தனித்தனியா தட்டையாக்குறது. பர்மா 46, 47ன்னு ரெண்டு ஜோன்ல வருது, நடுவுல பிரிக்கிற கோடு கிழக்கு 96 டிகிரி. யாங்கோனும் மண்டலேயும் அந்தக் கோட்டுக்கு கொஞ்சமே கிழக்க இருக்கு, அதனால 47. மோல்மேனும் 47. பதேன், பியே, சித்வே, மோன்யுவா எல்லாம் 46. சாஃப்ட்வேர்ல ஒவ்வொரு புரொஜெக்ஷனுக்கும் ஈபிஎஸ்ஜின்னு ஒரு நம்பர் இருக்கும், 32646, 32647ன்னு தேடினா வந்துடும். யாங்கோன்ல இருந்து ஐராவதி டெல்டா பக்கம் சர்வே போற பசங்க ஜோன் மாத்தாம எழுதிக்கிட்டு வந்தா பாயின்ட் எல்லாம் எங்கேயோ போய் நிக்கும்.

நாடு முழுக்க ஒரே மேப்னா யூடிஎம் வேண்டாம். ஜனத்தொகை மாதிரி பரப்பை ஒப்பிடற மேப்புக்கு சம பரப்பு புரொஜெக்ஷன்தான் சரி, லாம்பர்ட் அசிமுத்தல் ஈக்வல் ஏரியா எடுத்து நடுப்புள்ளியை கிழக்கு 96, வடக்கு 19ன்னு கொடுங்க, நல்லா வரும்.

ஆன்லைன் மேப்ல வர்ற வெப் மெர்கேட்டர் புரொஜெக்ஷன் போன்ல பாக்க மட்டும். மெர்கேட்டர் 1569ல கப்பல்காரங்க திசை பிடிக்கறதுக்காக பண்ணினது, அதுல வடக்க போகப்போக எல்லாம் வீங்கும். யாங்கோன்ல ஒரு தூரம் நாலரை சதவீதம் கிட்ட நீண்டு தெரியும், வடக்க புட்டாவோ பக்கம் 12 சதவீதம் கிட்ட. அதுல ஒரே ஒரு ஸ்கேல் பார் போட்டு ரெண்டு ஊரையும் அளந்தா எப்படி சரியா வரும்?

"பழைய ஒரு-இன்ச் மேப்பை ஸ்கேன் பண்ணி வச்சா கோயில் ஆத்துக்குள்ள விழுது, நான் என்ன தப்பு பண்ணேன்?"

உங்க தப்பா இருக்கணும்னு இல்லை, ரெண்டு காரணம் இருக்கலாம். வெள்ளைக்காரன் காலத்து சர்வே ஆஃப் இந்தியா மேப் எவரெஸ்ட் நீள்வட்டத்தை வச்சு போட்டது, 1830ல கணக்கு பண்ணின பூமி உருவம். உங்க போன் ஜிபிஎஸ் டபிள்யூஜிஎஸ் 84ன்னு வேற பூமி உருவத்தை வச்சு ஓடுது. ஒரே அட்சரேகை தீர்க்கரேகை நம்பரை ரெண்டுலயும் போட்டா இடம் சில நூறு மீட்டர் தள்ளிப் போகும். மொத்த மேப்பும் ஒரே பக்கமா ஒரே அளவு நகர்ந்திருந்தா இதுதான் காரணம், டேட்டம் (எந்த பூமி உருவத்தை வச்சு அளக்கறதுங்கிற செட்டிங்) மாத்தினா சரியாயிடும். இல்லன்னா இப்பவும் மாறாம நிக்கிற பகோடா, ரயில் பாலம், ரோடு சந்திப்புன்னு பத்துப் பன்னெண்டு இடத்தை சேட்டிலைட் படத்தோட பொருத்தி ஜியோரெஃபரன்ஸ் பண்ணுங்க, மூலையில நாலு பாயின்ட் மட்டும் வச்சு விட்டுடாதீங்க.

ரெண்டாவது காரணம், ஆறே நகர்ந்திருக்கும். ஐராவதி வருஷா வருஷம் கரையைத் தின்னுக்கிட்டு நடுவுல மணல் திட்டு போட்டுக்கிட்டே போகுது, சித்தாங் முகத்துவாரத்துல மொத்தமா வளைகுடா கரை அரிச்சு கிராமங்களே இடம் மாறிப் போயிருக்கு. மத்தது எல்லாம் சரியா உக்காந்து ஆறு மட்டும் விலகியிருந்தா மேப்பை இழுக்காதீங்க, பழைய மேப்பும் சரி புது படமும் சரி. அந்த வித்தியாசத்தையே ஒரு மேப்பா போட்டா அருமையான ப்ராஜெக்ட்.

ஷீட் நம்பர் புரியலன்னும் கேட்டிருந்தாங்க. 94னா நாலு டிகிரிக்கு நாலு டிகிரி சதுரம், அதை மேல இருந்து கீழா ஏ, பி, சி, டின்னு 16 துண்டாக்கி, அதுல ஒவ்வொண்ணையும் திரும்ப 16ஆ வெட்டினா ஒரு-இன்ச் ஷீட். யாங்கோன் 94 டில வருது.

"பர்மா எழுத்து குழம்பி வருது, தமிழ்ல கொம்பு தனியா நிக்குது"

பர்மா எழுத்து குழம்பினா முதல்ல ஜோஜியான்னு பாருங்க. நாடு முழுக்க ரொம்ப நாள் ஜோஜி ஃபான்ட்தான், அது யூனிகோடோட (உலகம் முழுக்க பொதுவான எழுத்துக் குறியீடு) இடத்துலயே வேற மாதிரி எழுத்தை வச்சிருந்தது. 2019 அக்டோபர் 1ல இருந்து அரசாங்கம் யூனிகோடுக்கு மாறிச்சு, ஆனா அதுக்கு முந்தி யாராவது டைப் பண்ணின எக்செல்லும் ஷேப்ஃபைலும் இன்னும் கைமாறிக்கிட்டேதான் இருக்கு. ஃபான்டை மாத்தி மாத்தி பாக்குறதுல பிரயோஜனம் இல்லை, டெக்ஸ்டையே கன்வெர்ட்டர்ல போட்டு மாத்தணும். டேபிள்ல ஒரே காலத்துலயே (column) பாதி ஜோஜி பாதி யூனிகோடும் இருக்கும், அதனால மாத்தினதுக்கு அப்புறம் பர்மா நல்லா படிக்கத் தெரிஞ்ச ஒருத்தரை விட்டு ஓட்டிப் பாருங்க. ஃபான்டுக்கு பிடாங்சு இல்லன்னா பதௌக்.

தமிழ்ல கொம்பு பிரியறது டேட்டா கோளாறு இல்லை. க்யூஜிஐஎஸ்ல பெரும்பாலும் சரியா வரும், இல்லஸ்ட்ரேட்டர்னு டிசைன் சாஃப்ட்வேருக்கு கொண்டு போகும்போதுதான் "கோயில்" கோயிலா இருக்காது. அங்க வேர்ல்டு-ரெடி கம்போசர்னு ஒரு செட்டிங் இருக்கு, அதை ஆன் பண்ணணும். இல்லன்னா இங்க்ஸ்கேப்ல பண்ணுங்க, வம்பே இல்லை.

"லேபிளை எங்க வைக்கிறதுன்னே தெரியலை, எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறுது"

எட்வர்ட் இம்ஹாஃப்னு சுவிட்சர்லாந்துக்காரர் ஒருத்தர் இதுக்கு எழுதி வச்ச வழக்கத்தைத்தான் உலகம் முழுக்க பின்பத்துறாங்க. புள்ளிக்கு வலது மேல்பக்கம் முதல் சாய்ஸ், அங்க இடம் இல்லன்னா வலது கீழ, அப்புறம் இடது. கரையில இருக்கிற ஊரோட பேரை கடல்மேல எழுதுங்க, உள்ள தள்ளி இருக்கிற ஊரோட பேரை நிலத்துமேலயே எழுதுங்க, பேரைப் பாத்தே துறைமுகமா இல்லையான்னு தெரிஞ்சிடும். ஆத்தோட பேரு ஆறு வளையற மாதிரியே வளையட்டும், ஆனா தலைகீழா போகக் கூடாது.

இங்கிலீஷ் மேப் பாத்துட்டு நம்மாளுங்க ரெண்டு விஷயத்தை காப்பி அடிப்பாங்க, தமிழுக்கு ரெண்டும் ஒத்துவராது. ஒண்ணு, ஆறு கடல் பேரை சாய்ச்சு எழுதறது. தமிழ்ல சாய்வெழுத்துன்னு தனியா இல்லாத ஃபான்ட்தான் ஜாஸ்தி, கம்ப்யூட்டர் சும்மா தள்ளி சாய்ச்சு விடும், அசிங்கமா இருக்கும். நீலக் கலர் போட்டா போதும், தண்ணின்னு தெரியும். இன்னொண்ணு, மலைத்தொடர் பேரை எழுத்து எழுத்தா இடைவெளி விட்டு நீட்டறது. தமிழ்லயும் பர்மாவுலயும் கொம்பு, கால், சுழி எல்லாம் எழுத்தோட ஒட்டி நிக்கணும், ஸ்பேசிங் ஏத்தினா "கொ"வோட கால் எங்கேயோ போயிடும். வேணும்னா வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி விடுங்க. அப்புறம் தமிழ் பேர் நீளம் ஜாஸ்தி, ரெண்டு வரியா உடைக்க வெக்கப்படாதீங்க.

யாங்கோன் டவுன்டவுன் தனித் தலைவலி. 1850கள்ல மான்ட்கோமரி, ஃப்ரேசர்னு ரெண்டு பேரு போட்ட கட்டக்கட்ட தெரு, நம்பர் தெரு எல்லாம் ஒல்லியா வடக்கு தெற்கா போகும். அங்க பேரை தெருவோடயே நிமிர்த்தி எழுதுங்க, நம்பர் மட்டும் போதும், ஒவ்வொண்ணுலயும் "தெரு"ன்னு எழுத வேண்டாம்.

"ரங்கூனா யாங்கோனா? டல்ஹௌசி ஸ்ட்ரீட்டா மஹா பண்டுலா ரோடா? தாத்தாவுக்கு பழைய பேர்தான் தெரியும்"

யாரு படிக்கப் போறாங்களோ அவங்க வாயில வர்ற பேர். ஆபீஸுக்கோ காலேஜுக்கோனா இப்ப உள்ள அதிகாரப்பூர்வ பேர்தான், ஊர்ப் பேரெல்லாம் 1989ல மாத்தினது. பெரியவங்களுக்கோ பழைய கோயில் சரித்திரத்துக்கோனா புதுப் பேரை பெருசாவும் பழைய பேரை கீழ சின்னதாவும் போடுங்க: அனவ்ரதா ரோடு, கீழ ஃப்ரேசர் ஸ்ட்ரீட், ஷ்வேபொந்தா தெரு, கீழ மொகல் ஸ்ட்ரீட். ஆனா ஒரே மேப்ல ஒரு ஊருக்குப் புதுப் பேர் இன்னொரு ஊருக்குப் பழைய பேர்னு கலக்காதீங்க, மோல்மேன்னு பழைய பேர் போட்டா பேகுன்னும் பழைய பேரே போடணும்.

"கலர் எப்படி தேர்ந்தெடுக்கிறது? எனக்கு எல்லாமே கண்ணைக் குத்துது"

முதல்ல என்னத்துக்கு கலர்னு பாருங்க. குறைச்சல் நெறையனு ஒரு வரிசை இருந்தா ஒரே கலர்ல வெளிர்ல இருந்து அடர்த்தி வரைக்கும். வேற வேற வகைன்னா, நெல், ரப்பர், காடு மாதிரி, வேற வேற கலர். 1967லயே பெர்டின்னு ஒரு பிரெஞ்சுக்காரர் இதைப் பிரிச்சு சொல்லிட்டாரு: வெளுப்பு-அடர்த்தியையும் அளவையும் கண்ணு தானா வரிசைப்படுத்தும், கலர் வகையையும் வடிவத்தையும் வரிசைப்படுத்தாது. சிவப்பு பெருசா பச்சை பெருசான்னு யாராலயும் சொல்ல முடியாது இல்லையா. சிந்தியா ப்ரூவர் பண்ணின கலர்ப்ரூவர் செட் க்யூஜிஐஎஸ்லயே இருக்கு, அதுல இருந்து எடுத்தா பாதி பிரச்சனை தீந்துடும்.

சிவப்பும் பச்சையும் பக்கத்துல பக்கத்துல வைக்காதீங்க, அந்த ரெண்டையும் பிரிச்சுப் பாக்க முடியாத ஆம்பளைங்க உங்க வகுப்புலயே இருப்பாங்க. நம்ம ஊர்ல எந்தக் காகிதமும் கடைசில கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ்லதான் போய் முடியும், அதனால ஒரு தடவை ஜெராக்ஸ் எடுத்துப் பாருங்க, அப்பவும் வரிசை தெரிஞ்சா கலர் சரி. பிரிண்ட்ல ஸ்கிரீன்ல பாத்ததை விட மங்கலா வரும், அதையும் மனசுல வச்சுக்குங்க.

"ஜனத்தொகை மேப் போட்டேன், ஷான் ஸ்டேட் இருட்டா வருது, யாங்கோன் கண்ணுக்கே தெரியலை. டேட்டா தப்பா?"

டேட்டா சரி, காட்டின விதம்தான் தப்பு. தலை எண்ணிக்கையை அப்படியே ஏரியாவுக்கு கலர் அடிச்சா பெரிய ஏரியா எப்பவும் ஜெயிக்கும். 2014 சென்சஸ்ல யாங்கோன் ரீஜியன்ல 70 லட்சத்துக்கு மேல, ஷான்ல 60 லட்சத்துக்குக் கீழ, ஆனா ஷான் நாட்டுலயே பெரிய பரப்பு. கண்ணு பரப்பைத்தான் எடை போடும். சதுர கிலோமீட்டருக்கு எத்தனை பேருன்னு வகுத்துப் பாருங்க, யாங்கோன் 700க்கு மேல, ஷான் 40க்கும் கீழ, படமே தலைகீழா மாறிடும். எண்ணிக்கைதான் வேணும்னா கலர் வேண்டாம், வட்டம் போடுங்க, ஆளு கூடக்கூட வட்டம் பெருசாகட்டும். இந்த இடத்துலதான் மேல சொன்ன சம பரப்பு புரொஜெக்ஷனும் வேணும்.

அடுத்தது நம்பரை எப்படி வகுப்பா பிரிக்கிறது, அதாவது எதுல இருந்து எது வரைக்கும் ஒரு கலர்னு. ஈக்வல் இன்டர்வல்னு (சம இடைவெளி) விட்டா யாங்கோன் மட்டும் உச்சில நிக்கும், மத்த எல்லாம் கீழ் வகுப்புல ஒரே வெளிர் கலர். குவான்டைல்னு விட்டா ஒவ்வொரு வகுப்புலயும் ஒரே எண்ணிக்கை இடம், பாக்க அழகா இருக்கும், ஆனா கிட்டத்தட்ட ஒரே அளவு இருக்கிற ரெண்டு டவுன்ஷிப் வேற வேற கலர்ல வந்துடும். ஒரே டேட்டாவை ரெண்டு விதமா போட்டு பக்கத்துல வச்சுப் பாருங்க. அதைப் பாத்துட்டா அப்புறம் பேப்பர்ல வர்ற எந்த மேப்பையும் லேசுல நம்ப மாட்டீங்க.

"ஹில்ஷேட் போட்டா மலை குழி மாதிரி தெரியுது"

ஹில்ஷேடுன்னா நிழல் அடிச்சு மேடு பள்ளம் காட்டறது, அதுல வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்து வருதுன்னு பாருங்க. வடமேற்கு, 315 டிகிரினு இருக்கணும். நம்ம கண்ணு வெளிச்சம் மேல இடது பக்கம் இருந்து வர்றதாவே நினைச்சுக்கும், கீழ இருந்து விட்டா மேடு பள்ளமாயிடும். சூரியன் நமக்கு வருஷத்துல பெரும்பாலும் தெற்கு பக்கம்தானே, அதனால சேட்டிலைட் படத்துலயும் சின் மலையெல்லாம் பள்ளத்தாக்கு மாதிரி தெரியறது உண்டு. ஷேடை ரொம்ப கறுப்பா விடாதீங்க, மேல எழுத்து படிக்கணும்.

"நாடு இவ்வளவு நீளமா இருக்கே, ஏ4ல எப்படி வைக்கிறது?"

வடக்கு தெற்கா 2,000 கிலோமீட்டர் கிட்ட, அகலம் அதுல பாதிகூட இல்லை, காத்தாடிக்கு வால் விட்ட மாதிரி கீழ தனிந்தாரி நீண்டு போகுது. பேப்பரை நிமிர்த்தி வைங்க. இடது கீழ வங்காள விரிகுடா காலி, அங்க லெஜண்டும் (குறிகளுக்கு விளக்கம்) ஸ்கேலும், வலது கீழ தாய்லாந்து பக்கம் தலைப்போ சின்ன லொகேஷன் மேப்போ. தனிந்தாரியை வெட்டி தனிக் கட்டத்துல போடலாம், ஆனா அங்க இருக்கிறவங்களுக்கு அது பிடிக்காது, ஸ்கேலும் மாறக் கூடாது, மாத்தினா அந்தக் கட்டத்துல தனி ஸ்கேல் பார் வேணும். யாங்கோன் டவுன்ஷிப்புங்களுக்குத்தான் நிஜமா பெருசாக்கின கட்டம் தேவை, ஏ4ல அது எறும்பு அளவு.

"நார்த் ஆரோ கட்டாயமா?"

சார் மார்க் குறைப்பார்னா போடுங்க. மத்தபடி வடக்கு மேலதான்னு எல்லாருக்கும் தெரியற நாட்டு மேப்ல தேவை இல்லை, ஊர் மேப்பை திருப்பி வச்சிருந்தா கட்டாயம் வேணும். பூப்போட்ட பெரிய ஆரோ மட்டும் வேண்டவே வேண்டாம்.

"போன்ல ஜிபிஎஸ் வச்சு நம்ம கோயில் எல்லாம் மேப் பண்ணலாமா? கூகுள்ல இருந்து ட்ரேஸ் பண்ணா என்ன?"

பண்ணலாம், முதல் ப்ராஜெக்டுக்கு இதை விட நல்லது இல்லை. திறந்த வெளியில போன் அஞ்சு மீட்டர் கிட்ட சரியா காட்டும், டவுன்டவுன் சந்துல உயர்ந்த கட்டடம் நடுவுல ரொம்பத் தள்ளும். கொன்செதான் தெருவுல இருக்கிற காளி கோயில் மாதிரி நெருக்கமான இடத்துல பாயின்ட் எடுத்துட்டு, ராத்திரி சேட்டிலைட் படத்துல கோபுரத்தைப் பாத்து நகர்த்திக்குங்க. போன்ல க்யூஃபீல்டு இல்லன்னா கோபோ ஆப் போட்டுக்குங்க, ரெண்டுமே நெட் இல்லாம ஓடும். கோயில் பேர், யாரைக் கேட்டீங்க, எந்தத் தேதி இந்த மூணையும் அங்கேயே எழுதிடுங்க. பூசாரி வீட்டு விலாசம், போன் நம்பர் மேப்ல போடாதீங்க.

கூகுள்ல இருந்து ட்ரேஸ் பண்ணக் கூடாது, அவங்க விதி விடாது, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்லயும் அதை ஏத்த விட மாட்டாங்க. அங்க வரையறதுக்கு பிங் படத்துக்கு அனுமதி இருக்கு, அதை வச்சு வரைங்க. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் டேட்டா எடுத்தா மேப் ஓரத்துல அவங்க பேரைப் போட்டே ஆகணும், சின்ன எழுத்துல போட்டாலும் போதும்.

"எதை வரையக் கூடாதுன்னு ஏதாவது இருக்கா?"

இருக்கு. பட்டாளம், போலீஸ், செக்போஸ்ட், பாலத்தோட அளவு, இடம் பெயர்ந்து வந்த ஜனங்க தங்கியிருக்கிற இடம், இது எதையும் மாணவர் ப்ராஜெக்ட்ல தொடாதீங்க, வெளியிலயும் போடாதீங்க. கையில ஜிபிஎஸ் வச்சுக்கிட்டு போட்டோ எடுக்கிறதுக்கு முந்தி அந்த யாக்குவெ (வார்டு) பெரியவங்ககிட்ட சொல்லிட்டுப் போங்க. எல்லைக்கோடு விஷயத்துல ஐநா மேப்ல போடற மாதிரி, இதுல உள்ள எல்லைக்கும் பேருக்கும் அதிகாரப்பூர்வ ஒப்புதல் இல்லைன்னு ஒரு வரி கீழ சேத்துடுங்க.

"எங்க படிக்கலாம், வேலை கிடைக்குமா?"

யாங்கோன் யுனிவர்சிட்டியில ஜியாகிராபி இருக்கு, மண்டலே டெக்னாலஜிக்கல் யுனிவர்சிட்டியில ரிமோட் சென்சிங் இருக்கு, வெளியில போக வசதி இருந்தா பேங்காக் பக்கத்துல ஏஐடி (ஏசியன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி). ஆனா வேலை கொடுக்கிறவங்க முதல்ல உங்க மேப்பைத்தான் பாப்பாங்க. நாலு போதும்: ஒரு கோயில் மேப், ஒரு ஜனத்தொகை மேப், ஒரு மலை மேப், பழைய மேப்போட ஒப்பிட்ட ஒண்ணு. ஒவ்வொண்ணுக்கும் டேட்டா எங்க எடுத்தீங்க, எதை ஏன் விட்டீங்கன்னு அரைப் பக்கம் எழுதி வைங்க. வீட்டுல சின்ன தம்பி தங்கச்சி இருந்தா உலக கார்ட்டோகிராபி சங்கம் 15 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்களுக்கு பார்பரா பெட்செனிக் போட்டின்னு ஒண்ணு நடத்துது, கையால வரைஞ்சா போதும்.

"ஸ்டேட் ரீஜியன் 15 வரணும், என் ஃபைல்ல 18 வருது. சென்சஸ் டேபிளை சேத்தா பாதி டவுன்ஷிப் காலி"

7 ஸ்டேட், 7 ரீஜியன், நேபிடோ, மொத்தம் 15, சரிதான். மிமு ஃபைல்ல பேகுவை கிழக்கு மேற்குன்னு ரெண்டாவும் ஷானை தெற்கு வடக்கு கிழக்குன்னு மூணாவும் பிரிச்சிருப்பாங்க, அதான் 18. டிசால்வ் பண்ணி சேத்துக்குங்க.

காலியா வர்றது பேரை வச்சு சேத்ததால. ஒரு ஃபைல்ல "நார்த் டகோன்"னு இருக்கும், இன்னொண்ணுல "டகோன் மியோதித் நார்த்"னு இருக்கும், கம்ப்யூட்டருக்கு அது ரெண்டு ஊர். அதுக்குத்தான் மேல சொன்ன பி-கோடு, யாங்கோன்னா எம்எம்ஆர்013னு ஆரம்பிக்கும், எந்த மொழியில எப்படி எழுதினாலும் கோடு மாறாது. உங்க டேபிள்ல கோடு இல்லன்னா 330 டவுன்ஷிப்புக்கும் ஒரு தடவை உக்காந்து கையால போட்டு வச்சுக்குங்க, அலுப்புதான், ஆனா வேற வழி இல்லை.

"எஸ்ஆர்டிஎம் வச்சு டெல்டாவுக்கு வெள்ள மேப் போட்டேன், கடல் 3 மீட்டர் ஏறினா எது முங்கும்னு. சரியா இருக்குமா?"

இருக்காது, இதை ஆபத்தான மேப்னே சொல்லுவேன். எஸ்ஆர்டிஎம் தரையைப் பாக்கல, மரம், கூரை மேல பட்டுத் திரும்பினதை அளந்தது. உயரத்துல பல மீட்டர் பிழை இருக்கலாம்னு அதோட விவரத்துலயே போட்டிருக்கு. டெல்டாவுல ஊரே கடல்மட்டத்துக்கு ரெண்டு மூணு மீட்டர்தான். அளக்க வேண்டியதை விட அளவோட பிழை பெருசு. தென்னந்தோப்பு உள்ள கிராமம் உங்க மேப்ல மேடா, பத்திரமான இடமா தெரியும், நிஜத்துல அது வயலோட வயலா இருக்கும். 2008 மே மாசம் நர்கிஸ் புயல்ல 1,30,000 பேருக்கு மேல செத்ததும் காணாமப் போனதும் அந்த மாதிரி தாழ்ந்த ஊர்லதான்.

மலைப்பக்கம் நீரோட்டம் பாக்க, சரிவு பாக்க அதே எஸ்ஆர்டிஎம் அருமையா உதவும். டெல்டாவுக்கு வேற விதமா போங்க. வெள்ளம் வந்த நாள்ல எடுத்த சென்டினல்-1 ரேடார் படம் மேகத்தைத் தாண்டிப் பாக்கும், அதுல எது நிஜமா முங்குச்சுன்னு கோடு போடுங்க. ஊர்ப் பெரியவங்ககிட்ட தண்ணி எது வரைக்கும் ஏறிச்சுன்னு கேட்டு பாயின்ட் வைங்க. தலைப்புல "முங்கும் இடங்கள்"னு போடாம, எந்தத் தேதியில முங்கினதுன்னு தேதியோட போடுங்க.